இரண்டு குடியேறிய சமூகங்களை ஒப்பிடுவது எப்படி: எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்

குடியேறியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் "அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், இவர்கள் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள்" என்று சொல்லிவிடுவார். கையில் ஓர் எண்ணும் வைத்திருப்பார். அந்த எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் தப்பாக இருக்கும். அந்த முடிவு பிறகு ஒரு சமூகத்தின் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது, அந்தச் சமூகத்துப் பிள்ளை வேலை கேட்டுப் போகும்போது அதையும் சுமந்துகொண்டுதான் போகிறது. அதனால் இந்த ஒப்பீட்டைச் செய்வதென்றால் பொறுப்போடு செய்ய வேண்டும். மாணவர்களுக்கும், கட்டுரை எழுதுகிறவர்களுக்கும், சும்மா தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் பயன்படும்படி வழியை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் பேசுவது சுலபம். பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளியினர், பாகிஸ்தான் வம்சாவளியினர் என்ற இரண்டு சமூகங்களை எடுத்துக்கொள்வோம். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதல் சமூகத்தினர் சுமார் 18.6 லட்சம் பேர், இரண்டாவது சமூகத்தினர் சுமார் 15.9 லட்சம் பேர். எண்ணிக்கை கிட்டத்தட்ட பக்கத்தில் இருக்கிறது, இரண்டு கூட்டமும் பெரும்பாலும் ஒரே காலத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வந்தது. ஆனால் சம்பளம், வேலை, சொந்த வீடு என்று எதைப் பார்த்தாலும் சராசரியில் இந்தியர்கள் முன்னால் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டவுடனே "பண்பாடு" என்று பதில் வரும். அந்தப் பதிலைக் கடைசி வரைக்கும் ஒத்திப்போடுவதுதான் இந்த வேலையில் முதல் ஒழுக்கம்.

யார், எப்போது, எந்தக் கதவு வழியாக

எண்ணைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் வரலாற்றை எழுதுங்கள். யார் கிளம்பினார்கள், எதனால் கிளம்பினார்கள், அந்த நாடு அவர்களை எதற்காக உள்ளே விட்டது. என் கணக்கில் இந்த ஒரு தாள்தான் பாதி வேலை.

பாகிஸ்தானியர்களில் பெரும் பகுதியினர் மீர்பூர் என்ற மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள். அங்கே 1960களில் மங்களா அணை கட்டப்பட்டபோது சுமார் ஒரு லட்சம் பேர் நிலமும் வீடும் இழந்தார்கள். அவர்களில் பலர், ஏற்கனவே பிரிட்டனில் இருந்த அண்ணன், மாமன், ஊர்க்காரர் யாரையாவது பிடித்துக்கொண்டு பிராட்ஃபோர்டு போன்ற நூற்பாலை நகரங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். கிராமத்து விவசாயக் குடும்பங்கள், பள்ளிப் படிப்பு குறைவு, கிடைத்தது இரவு ஷிப்ட் வேலை. அடுத்த இருபது வருடங்களுக்குள் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எந்தத் தொழிலை நம்பி ஒரு கூட்டம் மொத்தமாக வந்து இறங்கியதோ, அந்தத் தொழிலே காலுக்குக் கீழிருந்து போய்விட்டது.

இந்தியர்களிலும் பஞ்சாபிலிருந்து உலோக வார்ப்பாலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்தவர்கள் நிறைய உண்டு, அதை மறக்கக் கூடாது. ஆனால் அவர்களோடு மருத்துவர்களும் வந்தார்கள். அப்புறம் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பெரிய அலை வந்தது. 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் ஆட்சியாளர் இடி அமீன், பெரும்பாலும் இந்திய வம்சாவளியினரான அந்நாட்டு ஆசியர்களுக்கு 90 நாள் கெடு கொடுத்து வெளியேற்றியபோது சுமார் 28,000 பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள். சொத்து முழுவதையும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள், அந்தத் துயரம் சின்னதல்ல. ஆனாலும் ஆங்கிலம், கணக்கு வழக்கு, கடை நடத்திய அனுபவம் ஆகியவற்றை யாராலும் பறிமுதல் செய்ய முடியவில்லை. அதற்குப் பிந்தைய காலத்தில் இந்தியாவிலிருந்து கணினித் துறையினரும் மேற்படிப்பு மாணவர்களும் வந்து சேர, "இந்தியர்" என்ற கட்டத்தின் சராசரி இன்னும் ஏறியது.

ஆக, ஒப்பிடப்படுவது இந்தியாவும் பாகிஸ்தானும் அல்ல. அந்த நாடுகளிலிருந்து சல்லடையில் சலித்து வந்த இரண்டு கூட்டங்கள், அதுவும் இரண்டு வேறு சல்லடைகள். அமெரிக்காவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு படிப்பும் தொழில்திறனும் பார்த்து அனுமதிக்கப்பட்ட இந்தியர்களும், 1975க்குப் பிறகு லாவோஸ் போரிலிருந்து உயிர் தப்பி அகதிகளாக வந்த ஹ்மாங் மக்களும் அங்கே "ஆசியர்" என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகிறார்கள். இவர்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "யார் கெட்டிக்காரர்" என்று கேட்பது நியாயமே இல்லை.

உள்ளே விட்ட பிறகு சட்டம் எப்படி நடத்தியது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை அழைத்தது, சில வருடம் உழைத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள் என்ற எண்ணத்தில். அவர்கள் போகவில்லை, குடும்பம் வந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் வெளிநாட்டுப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைக்க வழி வந்தது 2000ஆம் ஆண்டில்தான், அதுவும் நிபந்தனைகளோடு. பிறந்த நாட்டிலேயே அந்நியராக வளர்ந்த ஒரு தலைமுறையின் நிலையை, பிறந்த நாளிலிருந்தே குடிமகனாக இருந்த ஒரு தலைமுறையோடு ஒப்பிடும்போது இந்தச் சட்டம் எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

பெயர்ப்பலகைக்குள் யார் இருக்கிறார்கள்

அடுத்தது வரையறை. கணக்கெடுப்பில் ஒருவர் எங்கே பிறந்தார் என்று ஒரு கேள்வி, எந்த இனக்குழு என்று வேறொரு கேள்வி. பிரிட்டனின் கணக்கெடுப்பில் இனக்குழுக் கேள்வி 1991இல்தான் முதன்முதலாக வந்தது. பிறந்த நாட்டை வைத்து எண்ணினால் உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்த குஜராத்தி "இந்தியர்" கணக்கில் வரமாட்டார், பிரிட்டனில் பிறந்த பேரப்பிள்ளைகள் யாருமே வரமாட்டார்கள். இனக்குழுவை வைத்து எண்ணினால் மூன்று தலைமுறையும் ஒரே குவியலில் விழும்.

நம் ஆட்களையே பாருங்கள். பிரிட்டனில் வாழும் ஈழத் தமிழர்களுக்கு அந்தப் படிவத்தில் தனிக் கட்டம் கிடையாது, சிலர் "வேறு ஆசியர்" என்ற கட்டத்தில் எழுதுகிறார்கள், சிலர் வேறு விதமாக. 2011இலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதன்மை மொழி எது என்ற கேள்வி இருப்பதால் அதை வைத்துத் தமிழர்களைத் தேடலாம் என்று தோன்றும். தேடலாம், ஆனால் அங்கேயே பிறந்து ஆங்கிலத்தை முதன்மை மொழி என்று எழுதிய பிள்ளைகள் அந்த எண்ணில் இல்லை. அப்படியானால் நீங்கள் அளப்பது பெரும்பாலும் முதல் தலைமுறையை மட்டும்தான். தப்பில்லை, அதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரான்ஸ் போன்ற நாட்டில் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்பதே இல்லை. அங்கே பிறந்த நாடு, பெற்றோர் பிறந்த நாடு ஆகியவற்றை வைத்துத்தான் தேட வேண்டியிருக்கும். எனவே ஒரு நாட்டு எண்ணை இன்னொரு நாட்டு எண்ணோடு அப்படியே ஒட்டாதீர்கள்.

எதை அளப்பது

வருமானம் என்றால் சராசரியை விடுங்கள், இடைநிலை எண்ணை எடுங்கள். அதாவது எல்லோரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கிறவரின் வருமானம். நாலு கோடீஸ்வரர்கள் ஒரு சமூகத்தின் சராசரியைத் தூக்கிவிடுவார்கள், நடுவில் நிற்கிறவரை அவர்களால் அசைக்க முடியாது.

குடும்ப வருமானம் என்றால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. இரண்டு வீடு, இரண்டுக்கும் வருடம் 36,000 பவுண்டு வருமானம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் கணவன், மனைவி, ஒரு குழந்தை. இன்னொரு வீட்டில் கணவன், மனைவி, நான்கு குழந்தைகள். பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி, வீட்டில் எத்தனை பேர் என்பதைக் கணக்கில் எடுக்க வைத்திருக்கும் திருத்திய அளவுகோலில் முதல் பெரியவருக்கு 1, அடுத்த ஒவ்வொரு பெரியவருக்கும் 0.5, 14 வயதுக்குக் கீழுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 0.3. முதல் வீட்டுக்கு 1.8, இரண்டாவது வீட்டுக்கு 2.7. வகுத்துப் பார்த்தால் முதல் வீட்டுக்கு 20,000, இரண்டாவது வீட்டுக்கு சுமார் 13,300. சம்பளச் சீட்டில் சமம், சாப்பாட்டு மேசையில் சமமில்லை. பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பங்கள் சராசரியில் பெரியவை என்பதால் இந்தக் கணக்கைப் போடாமல் ஒப்பிட்டால் வறுமை மறைந்துபோகும்.

பணத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. வேலையில் இருப்போர் விகிதம், படிப்புக்கேற்ற வேலை கிடைத்ததா (பட்டம் வாங்கிவிட்டு டாக்சி ஓட்டுகிறவரைப் படிப்பு எண் "வெற்றி" என்று காட்டும், சம்பள எண் "தோல்வி" என்று காட்டும்), ஓர் அறையில் எத்தனை பேர் தூங்குகிறார்கள், எத்தனை வருடம் ஆரோக்கியமாக வாழ்கிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று பல பக்கமும் பாருங்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக ஆக்குவதை நான் விரும்புவதில்லை, எதற்கு எவ்வளவு எடை என்று தீர்மானிப்பது நம் விருப்பம்தானே. தனித்தனியாகவே வையுங்கள். ஒன்றில் முன்னால் இருக்கிற சமூகம் இன்னொன்றில் பின்னால் இருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

சமமானவரைச் சமமானவரோடு

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இரண்டு கற்பனைச் சமூகங்கள். இரண்டிலும் 25 வயதுக்குக் கீழுள்ளவர்களில் 40 சதவீதம் பேர் வேலையில், அதற்கு மேலுள்ளவர்களில் 80 சதவீதம் பேர் வேலையில். அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் முதல் சமூகத்தில் இளையவர்கள் 20 சதவீதம், இரண்டாவதில் 50 சதவீதம். மொத்த விகிதம் போட்டால் முதல் சமூகத்துக்கு 72, இரண்டாவதற்கு 60. பன்னிரண்டு புள்ளி இடைவெளி! எந்த வயதிலும் உண்மையான வித்தியாசமே இல்லாதபோது வெறும் வயதுக் கலவையால் வந்த இடைவெளி இது. பிரிட்டனின் பாகிஸ்தான் வம்சாவளியினர் இந்திய வம்சாவளியினரைவிட இளமையான மக்கள்தொகை என்பதால் இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல.

எனவே வயதுக்கு வயது, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், தலைமுறைக்குத் தலைமுறை என்று பிரித்துப் போடுங்கள். ஊரையும் விட்டுவிடாதீர்கள். லண்டனில் சம்பளமும் அதிகம் வாடகையும் அதிகம், வடக்கே ஆலை மூடிய நகரத்தில் இரண்டும் குறைவு. லண்டனில் இருப்பவரை பிராட்ஃபோர்டில் இருப்பவரோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது ஊரையா சமூகத்தையா என்று உங்களுக்கே தெரியாது. ஒரே நகரத்துக்குள், ஒரே வயதில், ஒரே படிப்பு படித்த இரண்டு பேரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பாதி சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

தலைமுறை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 1978இல் பொருளியலாளர் பாரி சிஸ்விக், அமெரிக்காவின் 1970 கணக்கெடுப்பை வைத்து, குடியேறியவர்கள் வருடம் ஆக ஆக உள்நாட்டில் பிறந்தவர்களின் சம்பளத்தை எட்டிப்பிடித்துத் தாண்டிவிடுகிறார்கள் என்று காட்டினார். 1985இல் இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் ஒரு கேள்வி எழுப்பினார்: ஒரே ஒரு வருடக் கணக்கெடுப்பில் இருபது வருடத்துக்கு முன் வந்தவரும் போன வருடம் வந்தவரும் இரண்டு வேறு ஆட்கள், முன்னால் வந்த அலையே வேறு தகுதியோடு வந்திருந்தால்? நியாயமான கேள்வி. ஒரே படத்தை வைத்து வளர்ச்சியைச் சொல்ல முடியாது, இரண்டு மூன்று கணக்கெடுப்புகளை எடுத்து ஒரே அலையில் வந்தவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். நடுவில் தோற்றுத் திரும்பிப் போனவர்கள் கணக்கிலிருந்தே காணாமல் போவார்கள், மீதம் இருப்பவர்களைப் பார்த்து "எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்" என்று சொல்லிவிடுவோம், அதிலும் கவனம்.

போய்ச் சேர்ந்த இடத்தோடு சேர்த்துக் கடந்த தூரத்தையும் அளக்கச் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத தாயின் மகள் ஆசிரியையாவதும், மருத்துவரின் மகள் மருத்துவராவதும் ஒரே பயணம் அல்ல. பிரிட்டனில் பாகிஸ்தான், வங்காளதேசக் குடும்பங்களில் அங்கேயே பிறந்த பெண்கள் வேலைக்குப் போகும் விகிதம் அவர்களின் தாய்மார்களைவிட வெகு அதிகம். வங்காளதேச வம்சாவளிப் பிள்ளைகள் ஒரு காலத்தில் பள்ளித் தேர்வுகளில் பின்தங்கியிருந்தார்கள், இன்று வெள்ளை இனப் பிரிட்டிஷ் பிள்ளைகளின் சராசரியைத் தாண்டிவிட்டார்கள். ஒரு தலைமுறைக்குள் பண்பாடு தலைகீழாக மாறிவிடவில்லை, பள்ளிகள் மாறின, பெற்றோரின் நிலை மாறியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

மிச்சம் இருக்கிற இடைவெளி

எல்லாவற்றையும் சமப்படுத்திய பிறகும் ஓர் இடைவெளி நிற்கும். அதற்கு உடனே பெயர் வைக்காதீர்கள். அதில் பாகுபாடு எவ்வளவு என்று பார்க்க ஒரு நல்ல முறை உண்டு: ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பி, யாருக்குப் பதில் வருகிறது என்று எண்ணுவது. 1960களின் நடுவிலேயே பிரிட்டனில் நடிகர்களை நேரில் அனுப்பி வேலையிலும் வாடகை வீட்டிலும் இப்படிச் சோதித்தார்கள், நிறப் பாகுபாடு அப்பட்டமாக வெளிவந்தது, வேலைக்கும் வீட்டுக்கும் பாகுபாட்டுத் தடையை விரிவாக்கிய 1968 சட்டத்துக்கு அந்த ஆய்வு துணையாக இருந்தது. உங்கள் இரண்டு சமூகங்களுக்கும் இப்படிப்பட்ட ஆய்வு இருக்கிறதா என்று தேடுங்கள்.

எழுதும்போது "இந்தச் சமூகம் பின்தங்கியது" என்று எழுதாமல், "இந்த நகரத்தில், இந்த வயதில், இன்ன வருடம், இந்த அளவில் இவ்வளவு குறைவு" என்று எழுதுங்கள். வாக்கியம் நீளும், பரவாயில்லை. ஒரே சமூகத்துக்குள் இருக்கிற ஏற்றத்தாழ்வையும் காட்டுங்கள், பல நேரம் அது இரண்டு சமூகங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கும்.

வெளியிடுவதற்கு முன் இரண்டு சமூகத்திலிருந்தும் ஓரிரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதி மாதாமாதம் ஊருக்குப் போகிறது, அங்கே தம்பி தங்கைகளின் படிப்பும் ஒரு வீடும் அந்தப் பணத்தில்தான் எழுந்தன என்பது போன்ற விஷயங்கள் எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் இருக்காது, அவர்கள்தான் சொல்வார்கள். சொன்னால் திரும்பிப்போய் "சேமிப்பு குறைவு" என்று நீங்கள் எழுதிய வரியைத் திருத்துங்கள்.