பார்த்த படத்தைப் பற்றி நாலு வரி எழுத

படம் முடிந்து வீடு சேர்ந்ததும், தூங்குவதற்கு முன், மனதில் நிற்கும் மூன்று காட்சிகளை ஃபோனில் குறித்துவையுங்கள். மறுநாளைக்குள் மற்றவர்கள் சொன்னது உங்கள் கருத்தோடு கலந்துவிடும். அப்புறம் எது யாருடையது என்றே தெரியாது.

கதைக்கு மூன்று வரி போதும். இடைவேளைக்குப் பிறகு நடப்பதைத் தொடவே வேண்டாம். பல விமர்சனங்கள் கெடுவது இங்கேதான்: முக்கால்வாசி கதைச்சுருக்கம், கடைசியில் 'ஒருமுறை பார்க்கலாம்'.

'ஒளிப்பதிவு அருமை, இசை ஓகே' என்பதால் யாருக்கும் பயனில்லை. ஒரு காட்சியை எடுத்துக் காட்டுங்கள். அம்மா சோறு போட்டபடி மகனிடம் பேசுகிறாள். கேமரா தட்டிலேயே நிற்கிறது, கரண்டி பிடித்த கை ஒரு கணம் தயங்குகிறது, பின்னணி இசை இல்லை. இதில் ஒளிப்பதிவு, நடிப்பு, ஒலி மூன்றும் வந்துவிட்டன. 'இரண்டாம் பாதி இழுவை' என்றால் எந்தக் காட்சியை வெட்டியிருக்கலாம் என்றும் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையா? தூக்கக் கலக்கமாக இருந்திருக்கலாம். இரவுக் காட்சிக்கு இது சகஜம்.

'விருமாண்டி' (2004) மாதிரி ஒரே சம்பவத்தை இருவர் வெவ்வேறாகச் சொல்லும் படமென்றால், இரண்டாம் முறை பார்த்துவிட்டே எழுதுங்கள். தியேட்டரில் ஒலி சரியில்லை என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். வசனம் புரியாததற்கு இயக்குநரைத் திட்டாதீர்கள். ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது வேண்டவே வேண்டாம்.