தாழ்வாரத்து ஸ்ட்ராபெரியும் ராத்திரி நத்தையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில். தாழ்வாரத் தொட்டியில் முதல் ஸ்ட்ராபெரி சிவக்கத் தொடங்கியபோது என் மகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் குனிந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் மின்தூக்கிக்குப் போவாள். "நாளைக்குப் பறிச்சிடலாம்" என்று சொன்ன அன்றிரவு நல்ல மழை. காலையில் பார்த்தால் பழத்தின் அடிப்பக்கம் விரல் நுனி நுழையும் அளவுக்குக் குழி. தொட்டி விளிம்பிலிருந்து பழம் வரைக்கும் பளபளவென்று ஒரு கோடு, காய்ந்துபோன கஞ்சித் தடம் மாதிரி.

இத்தனை உயரத்துக்கு நத்தை எப்படி வரும் என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அது ஏறி வருவதில்லை, செடியோடும் மண்ணோடும் நாமே தூக்கி வருகிறோம். செடிக் கடையில் தொட்டிகளை ஈரத் தரையில் நெருக்கி வைத்திருப்பார்கள். தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைக்குள் குட்டி நத்தை சுகமாக ஒளிந்திருக்கும். முட்டையென்றால் கண்ணில் படவே படாது. ஊறிய ஜவ்வரிசியைக் கொத்தாக மண்ணில் புதைத்தது போல இருக்கும், உரமணிகள் என்று நினைத்துவிடுவோம். நிலத்து நத்தைகளில் பெரும்பாலானவற்றில் ஆண் பெண் தனியாகக் கிடையாது, ஒவ்வொன்றும் முட்டையிடும். ஆகவே ஏற்கனவே இணை சேர்ந்த ஒன்றே ஒன்று வந்தாலும் போதும்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. வாங்கி வந்த செடியை அன்றைக்கே மற்ற தொட்டிகளோடு சேர்த்து வைத்துவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். செடியை மெல்லக் கவிழ்த்து வேர்க்கட்டியை வெளியே எடுங்கள். அடியையும் பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், ஜவ்வரிசி தெரிந்தால் அந்த மண்ணை உதறிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அப்புறம் இரண்டு வாரம் அந்தத் தொட்டி தனியாக இருக்கட்டும். அக்கம்பக்கத்து அக்கா அன்போடு கொடுக்கும் செடிக்கும் இதே கவனம் வேண்டும்.

விதை வாங்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். இணையத்தில் நீல நிற ஸ்ட்ராபெரி விதை என்று விற்கிறார்கள். அப்படி ஒரு ஸ்ட்ராபெரி உலகத்திலேயே கிடையாது. சிவப்புப் பழத்தின் விதையை எடுத்து முளைக்க வைத்தாலும் தாய்ச் செடியின் குணம் அப்படியே வராது, பழம் பார்க்கவும் வெகுநாள் ஆகும். நல்ல செடியாக ஒன்று வாங்குங்கள். அது வேர் பிடித்ததும் தானே நீளமாக ஓடுதண்டு விடும். அதன் நுனிக் குருத்தைப் பக்கத்துத் தொட்டி மண்ணில் பதித்தால் அடுத்த செடி தயார். ஆனால் பழம் வேண்டும் என்கிற நேரத்தில் ஓடுதண்டுகளை வெட்டிவிட வேண்டும். இரண்டுக்கும் செடியிடம் தெம்பு இருக்காது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்ட்ராபெரி குளிர் விரும்பும் செடி. மலேசியாவின் கேமரன் மலையில் அது செழிப்பதற்குக் காரணம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமும் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகளும்தான். நம் ஊரில் ராத்திரியிலும் பெரும்பாலும் 23 முதல் 25 டிகிரிக்குக் கீழே போவதில்லை. சூடு கூடிய வாரங்களில் செடி இலையாக விட்டுத் தள்ளும், பூ மட்டும் வராது. சில ரகங்கள் பகல் குறுகும் காலத்தில்தான் பூ வைக்கும், அதற்கும் குளிர்ச்சி துணை நிற்க வேண்டும். நமக்கோ ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரம், குளிர்ச்சியும் கிடையாது. ஆகவே பகலின் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழுகிற இடம் நல்லது. பிற்பகல் வெயில் நேராக அடித்தால் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் வேர் வெந்துபோகும், வெளிர்நிறத் தொட்டிதான் நமக்கு ஏற்றது. குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி சூடான காற்றைத் துப்பும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

நம் ஊரில் ஸ்ட்ராபெரிக்குச் சற்று இதமான காலம் டிசம்பர், ஜனவரி. வடகிழக்குப் பருவமழையில் மண்ணும் காற்றும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். நத்தைக்கும் அதுதான் கொண்டாட்டக் காலம். செடி பூ வைக்கும் நேரமும் நத்தை பெருகும் நேரமும் ஒன்றாக வருவதால், பூ வந்த பிறகு நத்தையைப் பற்றி யோசிப்பது தாமதம். நவம்பரிலேயே தொட்டிகளைத் தூக்கிப் பார்த்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.

நடும்போது செய்யும் பிழை ஒன்று. எல்லா இலையும் கிளம்பும் அந்தக் குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும், வேர் வெளியே தெரிந்தால் காய்ந்துவிடும். குருத்தின் அடி மண்மட்டத்தோடு சரியாக உட்கார வேண்டும். மண் லேசான புளிப்புத்தன்மையோடு, தண்ணீர் நிற்காமல் வடிவதாக இருந்தால் போதும்.

குளிர்நாட்டுக் குறிப்பை அப்படியே செய்வது

ஸ்ட்ராபெரிக்கு அடியில் வைக்கோல் பரப்பச் சொல்லி வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் சொல்கின்றன. பழம் மண்ணில் படாமல் இருக்க அங்கே அது நல்ல வழிதான். இங்கே வைக்கோலோ தேங்காய் நாரோ பரப்பினால் அதன் அடியில் பகல் முழுக்க ஈரமும் இருட்டும் இருக்கும். ஓடில்லா நத்தைக்கு அதைவிட என்ன வேண்டும்? அதன் உடம்பைக் காக்க ஓடு இல்லை, வெயில் பட்டால் வற்றிப்போகும். அதனால் அது தேடுவது ஈரம் காயாத மறைவிடம். ராட்சத ஆப்பிரிக்க நத்தை ஓட்டோடு இருப்பதால் கண்ணில் பட்டுவிடும். தட்டையாக, மண்ணின் நிறத்தில், முதுகின் நடுவே வெளிறிய கோட்டோடு இருக்கும் ஓடில்லா நத்தையைத் தொட்டியின் அடியில் பார்த்தால் காய்ந்த இலை என்றே தோன்றும்.

மேல்மண்ணை வெறுமையாக விடுங்கள். பழுத்த இலையை அன்றன்றே கிள்ளிவிடுங்கள். தொட்டியை விளிம்பு உயர்ந்த ஒரு மேடையில் வைத்தாலும் சரி, உங்கள் வீட்டு எல்லைக்குள் கொக்கியில் தொங்கவிட்டாலும் சரி, பழக்காம்பு வெளியே சரிந்து பழம் காற்றில் ஆடட்டும். கைப்பிடிச் சுவரின் மேலோ அதற்கு வெளியேயோ மட்டும் தொட்டி வைக்க வேண்டாம், கீழே ஆள் நடமாட்டம் உண்டு. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி, அதையும் மனத்தில் வையுங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு இன்னொரு தொல்லை. அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், தட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் நத்தை குடியிருக்கும். தட்டை எடுத்துவிட்டு மூன்று சிறிய மரக்கட்டைகள் மேல் தொட்டியை ஏற்றி வையுங்கள். அடியில் காற்று போனாலே இரண்டும் குறையும்.

தண்ணீர் ஊற்றும் நேரத்தைக் கண்டிப்பாக மாற்றுங்கள். வேலை முடிந்து வந்து சாயங்காலம் ஊற்றுவதுதான் நம்மில் பலருக்கு வசதி. ஆனால் அப்படி ஊற்றினால் ராத்திரி முழுக்க மண்ணும் தொட்டிச் சுவரும் ஈரமாக இருக்கும், நத்தை வழுக்கிக்கொண்டு போக நாமே பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும். காலையில் கிளம்பும் முன் ஊற்றினால் இருட்டுவதற்குள் மேல்மண் உலர்ந்துவிடும். எனக்கு இந்த ஒரு மாற்றம் செய்த உதவியை வேறெந்த மருந்தும் செய்யவில்லை.

உப்பு, முட்டை ஓடு, கோப்பிச் சக்கை

நத்தையைக் கண்டதும் சமையலறைக்கு ஓடி உப்பை எடுத்து வருவது நம் வழக்கம். தயவுசெய்து தொட்டிக்குள் உப்பைத் தூவாதீர்கள். நத்தை சாகும், உண்மைதான். ஆனால் உப்பைத் தாங்காத செடிகளில் ஸ்ட்ராபெரி முன்வரிசையில் நிற்கும். இலை ஓரம் கருகத் தொடங்கினால் பிறகு அதை மீட்பது கடினம்.

முட்டை ஓட்டை நொறுக்கி வேலி போடுவதும் பரவலாக நடக்கிறது. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018இல் முட்டை ஓடு, செப்புப் பட்டை, சரளை மணல், மரப்பட்டைத் துண்டு, கம்பளி உருண்டை ஆகியவற்றை லெட்டூஸ் செடிகளைச் சுற்றிப் போட்டுச் சோதித்துப் பார்த்தது. எதுவும் போடாத செடிகளை நத்தை எவ்வளவு தின்றதோ, இவை போட்ட செடிகளையும் ஏறத்தாழ அவ்வளவே தின்றது. நம் மழையில் முட்டை ஓடு நனைந்துவிட்டால் அதன் கூர்மைக்கு என்ன வேலை?

கோப்பிச் சக்கை கொஞ்சம் சுவாரசியமானது. ஹவாயில் செய்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. காஃபீன் 1 முதல் 2 விழுக்காடு இருக்கும் கரைசல் நத்தைகளைக் கொல்கிறது என்று அதில் தெரிந்தது. அதை வைத்துத்தான் கோப்பிக்கடைச் சக்கையை எல்லாரும் தொட்டியில் கொட்டுகிறோம். ஆனால் நாம் குடிக்கும் கோப்பியில் இருக்கும் காஃபீன் அதில் மிகச் சிறு பங்கு, வடிகட்டிய சக்கையிலும் அந்த அளவு மிஞ்சுவதில்லை. கனமாகப் பரப்பினால் சக்கை இறுகிப் பூஞ்சை பிடித்து, தண்ணீரை உள்ளே விடாத ஓடாகிவிடும்.

கடையில் கிடைக்கும் நீல நிறக் குருணை மருந்து வாங்குகிறவர்கள் பொட்டலத்தில் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். மெட்டால்டிஹைடு என்றிருந்தால் வேண்டாம். நாய், பூனை, பறவை எதற்கும் அது நஞ்சு. பிரிட்டனில் 2022 முதல் வெளியிடங்களில் அதைப் பயன்படுத்தத் தடை. அடுக்குமாடி புளோக்கில் திரியும் பூனையும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் உலவும் தாழ்வாரத்தில் அதை எந்த மனத்தோடு தூவுவது? மருந்து போட்டே ஆகவேண்டும் என்றால் இரும்பு பாஸ்பேட் உள்ளதைக் கேளுங்கள், அதையும் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள்.

சரி, பலன் தருவது எது? இரவு ஒன்பது மணிக்கு மேல், மழை விட்ட பிறகு, கையில் டார்ச். தொட்டி விளிம்பு, இலையின் அடி, பழத்தின் பின்பக்கம் என்று பாருங்கள். பிடிப்பதற்கு ஒரு பழைய இடுக்கி, போடுவதற்கு சோப்புத் தண்ணீர் ஊற்றிய டப்பா. தொடர்ந்து ஐந்தாறு இரவு பார்த்தாலே எண்ணிக்கை சரசரவென்று இறங்கும். இரவில் முடியாதவர்கள் பப்பாளித் தோலையோ கமலா ஆரஞ்சுத் தோலைவிடக் கனத்த பொமெலோ (பம்பளிமாஸ்) தோலையோ மண்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். புளித்த வாசனைக்கும் நத்தை வரும். பீர்தான் வேண்டும் என்றில்லை, கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுத் தளரப் பிசைந்து புளிக்க வைத்தாலே அதைத் தேடி வரும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை ஒரு சின்னக் கிண்ணத்தில், செடிக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். செடியின் காலடியிலேயே வைத்தால் விருந்துக்கு வருகிறவை பழத்தையும் ருசி பார்க்கும்.

பழம் கெட்டால் எல்லாப் பழியையும் நத்தை மேல் போடுவதும் தவறுதான். கோடு இல்லாமல் கூரான குத்து மட்டும் இருந்தால் மைனாவோ கொண்டைக்குருவியோ வந்திருக்கிறது. பழமே காணவில்லை என்றால் எலியாக இருக்கலாம். பழம் ஒருபக்கம் சூம்பிக் கோணலாக வளர்ந்தால் யாரும் தின்னவில்லை, மகரந்தம் சரியாகச் சேரவில்லை. பழத்தின் மேல் இருக்கும் ஒவ்வொரு விதையும் கருவுற்றால்தான் அதைச் சுற்றிய சதை பருக்கும். நம் தாழ்வாரத்துக்குத் தேனீ வருவது குறைவு. குழந்தைகளின் மெல்லிய வண்ணத் தூரிகையால், பூ விரிந்த இரண்டு மூன்று நாள் காலையில், ஓரத்து மகரந்தத்தை நடுவிலுள்ள மஞ்சள் குமிழின் எல்லாப் பக்கமும் தடவிவிடுங்கள்.

காய் பச்சையிலிருந்து வெளுக்கத் தொடங்கியதும் நான் ஒரு வேலை செய்கிறேன். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் சிறிய வலைப்பைகளைச் சேர்த்து வைத்திருப்பேன். ஒரு காய்க்கு ஒரு பை, காம்பைச் சுற்றி நாடாவை இழுத்துக் கட்டிவிட்டால் நத்தையும் குருவியும் நெருங்குவது வெகுவாகக் குறைகிறது. காம்பு நசுங்காமல் கட்ட வேண்டும்.

பறித்த பிறகு ஸ்ட்ராபெரி இன்னும் பழுக்காது, ஆகவே அவசரப்பட்டு வெள்ளைத் தோளோடு பறிக்காதீர்கள். காம்புவரை சிவந்த பிறகு காலையில் பறியுங்கள். நத்தை கடித்த பழத்தில் நல்ல பக்கத்தை மட்டும் நறுக்கிச் சாப்பிடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகளை நத்தைகள் சுமக்கக்கூடும், அது மனிதருக்குள் போனால் மூளையுறை அழற்சி வரை கொண்டுபோகும். நத்தையை வெறுங்கையால் தொடவும் வேண்டாம், குழந்தைகளைத் தொட விடவும் வேண்டாம். கோடு படிந்த பழம் பையில் கட்டிக் குப்பைக்கு. நல்ல பழத்தையும் ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிக் கழுவிவிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.