தோள்பட்டை இறுக்கத்துக்கு லேசர்: எங்கே தவறுகிறோம்?

கை தூக்க முடியவில்லை என்றதும், ஃப்ரோசன் ஷோல்டர்தான் (தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போவது) என்று முடிவுகட்டி, வலி தணிக்கும் லேசர் ஒளி சிகிச்சைக்கு உட்கார்ந்துவிடுவது முதல் தவறு. முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். மூட்டுறை இறுகியிருந்தால் தானாகவும் திரும்பாது, வேறொருவர் மெல்லத் திருப்பினாலும் பாதியில் முட்டி நிற்கும். பிறர் தூக்கும்போது கை சுலபமாக மேலே போனால் தசைநார்க் கிழிசலாக இருக்கலாம். நாற்றுக்கட்டு தூக்கி, நடவு நட்டுப் பழகிய தோள்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். மூட்டுத் தேய்மானம் இல்லை என்று உறுதிசெய்ய ஓர் எக்ஸ்ரே, கூடவே சர்க்கரை, தைராய்டு பரிசோதனை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் அதிகம் வருகிறது, விடவும் நாளாகிறது.

தஞ்சாவூரோ மன்னார்குடியோ, பஸ் ஏறிப் போய் லேசர் வைத்துக்கொள்பவர்கள் தைலம் தேய்த்த தோளோடு போகக்கூடாது. துடைத்த வெறும் தோலில், ஜாக்கெட்டை விலக்கி, லேசர் முனையைச் செங்குத்தாக அழுத்தி வைக்கவேண்டும். துணிக்கு மேல் காட்டினால் ஒளி மூட்டுக்குப் போய்ச் சேராது.

அளவில்தான் நிறைய கோட்டைவிடுகிறார்கள். மெஷினின் திறனான மில்லிவாட்டை விநாடியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஜூல், அதாவது தோலுக்குத் தரும் ஒளி ஆற்றலின் அளவு. 100 மில்லிவாட் மெஷினில் 10 விநாடி வைத்தால் கிடைப்பது 1 ஜூல்தான். ஒரு புள்ளிக்கு 4 ஜூல் தரவேண்டுமானால் 40 விநாடி ஆகும். வலிக்கும் ஓர் இடத்தில் மட்டும் வைத்துவிட்டு எழுப்பக்கூடாது. தோளின் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் எல்லாம் வேண்டும். 500 மில்லிவாட்டைத் தாண்டிய நான்காம் வகுப்பு லேசரோ சூடு கிளப்பும். அதை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். கறுத்த தோல் ஒளியை அதிகம் உறிஞ்சும், சர்க்கரையால் மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது. இரண்டும் சேர்ந்தால் கொப்புளம்தான். லேசரின் அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைக் கெடுக்கும். அந்த லேசரின் அலைநீளத்துக்கென்று செய்த கண்ணாடியை, வைப்பவர், வைத்துக்கொள்பவர் இருவரும் போடவேண்டும். கூலிங் கிளாஸ் உதவாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, லேசரோடு நிறுத்திக்கொள்வது. லேசர் வலியைத் தணிக்கும், இறுகிய உறையைத் தளர்த்திவிடாது. வலி குறைந்திருக்கும் அந்த நேரத்திலேயே கையை அசைத்துவிடவேண்டும்: குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, இரு கையிலும் கம்பைப் பிடித்து நல்ல கையால் மற்றதை வெளிப்பக்கம் தள்ளுவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. ஆரம்ப மாதங்களில் ராத்திரி தூங்கவிடாத வலி இருக்கும்போது மட்டும் முரட்டுத்தனமாக இழுக்கவேண்டாம். அது வீக்கத்தைக் கிளறிவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கை எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். நாலைந்து வாரம் கழித்தும் அந்த எண் நகரவில்லை என்றால் மறுபடி லேசருக்குப் பணம் கட்டாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். புற்றுநோய் இருப்பவர்களும், காய்ச்சலோடு தோள் வீங்கியிருப்பவர்களும் லேசருக்கு முன்பே அவரைப் பார்த்தாகவேண்டும்.