முதல் தலைமுறையிலேயே கைவிட்டுவிடாதீர்கள்: பாரம்பரியக் கோழியில் புது நிறம் உருவாக்கும்போது நடக்கும் தவறுகள்

லாவெண்டர் எனும் வெளிர்சாம்பல் நிறச் சேவல் ஒன்றை வாங்கி, அந்த நிறமே இல்லாத ஒரு பழைய இனத்தின் கறுப்புப் பெட்டைகளோடு விட்டேன். இருபத்தோரு நாள் காத்திருந்து பொரித்த குஞ்சு அத்தனையும் கறுப்பு. அப்பனின் சாயல் ஒன்றில்கூட இல்லை. சேவல் சரியில்லை என்று முடிவுகட்டி, நான்கு மாதத்தில் எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். நான் தேடிய நிறம் அந்தக் கறுப்புக் குஞ்சுகளுக்குள்தான் ஒளிந்திருந்தது என்பது ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

புது நிறம் உருவாக்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். முதல் தலைமுறைக்குத் திட்டம் போடுகிறோம். ஆனால் வேலை தொடங்குவதே இரண்டாம் தலைமுறையில்தான்.

லாவெண்டர் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என அதன் ஜீனின் இரண்டு பிரதி சேர்ந்தால்தான் இறகில் தெரியும். என் கறுப்புக் குஞ்சுகள் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இருந்தது. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்திருந்தால் நான்கில் ஒன்று லாவெண்டராக வந்திருக்கும். பெட்டைகளைத் தகப்பனோடே திரும்பச் சேர்த்திருந்தால் பாதிக்குப் பாதி.

நான்கில் ஒன்று என்றதும் நான்கு முட்டை அடை வைத்தால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. அது சராசரிக் கணக்கு. ஒரு லாவெண்டராவது வரும் என்று 95 சதவீதம் நம்பிக்கையோடு சொல்ல 11 குஞ்சு பொரிக்க வேண்டும். இரண்டு ஒடுங்கு பண்புகள் ஒரே கோழியில் வேண்டுமென்றால், உதாரணமாக லாவெண்டரும் வெள்ளைப் புள்ளியும் சேர்ந்து, வாய்ப்பு 16இல் 1. அதே நம்பிக்கைக்கு 47 குஞ்சு வேண்டும். மூன்று பண்பு என்றால் 64இல் 1. பத்துக் குஞ்சைப் பார்த்துவிட்டு "இந்த ஜோடியில் வரவே வராது" என்று கலைத்துவிடுவது அவசரம். இத்தனை குஞ்சுக்கு இடமும் தீவனமும் இல்லையென்றால், ஒரு நேரத்தில் ஒரு பண்பை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

நீலச் சாம்பலான புளூ நிறத்தின் கதை வேறு. இங்கே தவறு பொறுமையின்மை அல்ல, வீண் பிடிவாதம். புளூவோடு புளூவைச் சேர்த்து, கறுப்பையும், வெளிறிய உடம்பில் சாம்பல் தெறித்த ஸ்பிளாஷையும் கழித்துக்கொண்டே போனால் ஒருநாள் சுத்தமான புளூ வம்சம் கிடைக்கும் என்று வருடக்கணக்கில் முயல்கிறவர்கள் உண்டு. கிடைக்காது. புளூ என்பது அந்த ஜீனின் ஒரே ஒரு பிரதி இருப்பதன் தோற்றம். இரண்டு பிரதி இருந்தால் ஸ்பிளாஷ், ஒன்றும் இல்லையென்றால் கறுப்பு. புளூ ஜோடியில் எத்தனை தலைமுறை போனாலும் கால் பங்கு கறுப்பு, பாதி புளூ, கால் பங்கு ஸ்பிளாஷ்தான். புளூ நிறத்துக்குப் பேர்போன அந்தலூசியன் இனக் கோழியை வைத்து இந்தக் கணக்கை ஆங்கிலேய மரபியலாளர்கள் பேட்சனும் பன்னட்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், வேண்டாம் என்று ஒதுக்கும் அந்தக் கறுப்பையும் ஸ்பிளாஷையும் ஜோடி சேர்த்தால் குஞ்சு நூற்றுக்கு நூறு புளூ.

புளூவையும் லாவெண்டரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் சகஜம். பார்த்தால் இரண்டும் சாம்பல்தான். நெஞ்சிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். நல்ல புளூவில் இறகின் ஓரம் கருத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். சேவலின் கழுத்து உடம்பைவிட அடர்த்தியாக இருக்கும். லாவெண்டரில் நுனியிலிருந்து அடி வரை ஒரே முத்துச் சாம்பல். தெரியாமல் இரண்டையும் சேர்த்தால் குஞ்சுகள் கறுப்பாகவும் புளூவாகவும் வரும், எல்லாவற்றுக்குள்ளும் லாவெண்டர் ஒளிந்திருக்கும். பிறகு அந்தச் சிக்கை அவிழ்ப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

சேவலை எந்தப் பக்கம் வைப்பது

"எந்த நிறம் சேவல், எந்த நிறம் பெட்டை, எல்லாம் ஒன்றுதானே?" என்று கேட்பார்கள். சில நிறங்களுக்கு ஒன்றுதான். வேறு சிலவற்றுக்கு இதிலேதான் முழு வருடமும் போகும்.

கோழியில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டை தன் இசட்டை மகன்களுக்கு மட்டுமே கொடுக்கும். வரிப்பட்டை, வெள்ளி-பொன், சாக்லேட் ஆகியவற்றின் ஜீன்கள் இசட்டில்தான் இருக்கின்றன. சாக்லேட்டையே எடுத்துக்கொள்வோம், அது ஒடுங்கு பண்பு. சாக்லேட் சேவலையும் கறுப்புப் பெட்டையையும் சேர்த்தால் மகள்கள் அத்தனையும் சாக்லேட். மகன்கள் கறுப்பு, ஆனால் ஜீன் உள்ளே உண்டு. இதையே திருப்பிப் போட்டு, கறுப்புச் சேவலோடு சாக்லேட் பெட்டையைச் சேர்த்தால் எல்லாமே கறுப்பு. மகன்களிடம் ஜீன் இருக்கும், மகள்களிடம் துளியும் இருக்காது. விஷயம் தெரியாதவர் என்ன செய்வார்? சேவல் குஞ்சுகளைக் கழித்துவிட்டு, முட்டைக்காகப் பெட்டைகளை வைத்துக்கொள்வார். அத்தோடு சாக்லேட்டின் கதை அந்தக் கூண்டில் முடிந்தது.

வரிப்பட்டையில் இன்னொரு சங்கடம். சேவலுக்கு இரண்டு பிரதி கிடைக்கும், பெட்டைக்கு ஒன்றுக்கு மேல் கிடைக்கவே கிடைக்காது. அதனால்தான் ஒரே வம்சத்தில் சேவல் வெளிறியும் பெட்டை கருத்தும் தெரிகின்றன. பெட்டையின் அளவுக்குக் கருத்த சேவல் வேண்டுமென்று தேடித் தேடிப் பொறுக்கினால், ஒற்றைப் பிரதிச் சேவல்தான் கையில் மாட்டும். அதன் குஞ்சுகளில் வரியே இல்லாதவையும் வரும்.

வெள்ளையைக் காலித்தாள் என்று நினைப்பது

வெள்ளைக் கோழியில் எந்த நிறத்தையும் ஏற்றலாம் என்றொரு நம்பிக்கை. வெள்ளை என்பது சுவரில் அடித்த சுண்ணாம்பு. அடியில் பழைய சித்திரம் அப்படியே இருக்கும். வெள்ளை லெகார்ன் இனக் கோழிக்குள் கறுப்பு இருக்கும், வரிப்பட்டைகூட ஒளிந்திருக்கும். அதன் வெள்ளை ஓங்கு பண்பு, ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும். கறுப்போடு சேர்த்தால் பெரும்பாலும் ஆங்காங்கே கரும்புள்ளி விழுந்த வெள்ளைக் குஞ்சு வரும். வேறு சில இனங்களின் வெள்ளை ஒடுங்கு பண்பு, ஜீனே வேறு. ஓங்கு பண்பு வெள்ளையையும் ஒடுங்கு பண்பு வெள்ளையையும் கலந்தால் இரண்டாம் தலைமுறையில் நிறமுள்ள குஞ்சுகளும் எட்டிப்பார்க்கும். பெட்டையின் மேல் பழி போடாதீர்கள்.

சிறு தவறுகளும் உண்டு. சேவலை மாற்றியதும் முட்டை சேர்க்கத் தொடங்குவது அதில் ஒன்று. பெட்டை பழைய சேவலின் விந்தை இரண்டு மூன்று வாரம் உள்ளே சேமித்து வைத்திருக்கும். நான்கு வாரமாவது பொறுத்துத்தான் அடை முட்டை எடுக்க வேண்டும். இன்னொன்று, குஞ்சுக்கு அடையாளம் போடாமல் விடுவது. காலில் கட்டிய கலர் நூல் ஒரு வாரம் தாங்காது. இறக்கைத் தகடோ விரல் சவ்வில் துளையோ, பொரித்த அன்றே போட்டு நோட்டில் எழுதிவிட வேண்டும். என் கறுப்புக் குஞ்சுகளைத் திரும்பத் தேடிப் போனபோது எது எந்தத் தாயின் பிள்ளை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சீக்கிரமே தீர்ப்புச் சொல்வதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். குஞ்சு ரோமமும் அதன்பின் முளைக்கும் இளம் இறகும் முழு நிறத்தைக் காட்டுவதில்லை. கறுப்புச் சேவலின் கழுத்தில் செம்மை கசிவது பருவம் வந்த பிறகுதான் தெரியும். வெள்ளைப் புள்ளி ஒவ்வொரு இறகு உதிர்ப்புக்குப் பிறகும் பெரிதாகிக்கொண்டே போகும். முதல் வருடத்தில் புள்ளி அளவாக அமைந்த பெட்டை மூன்றாம் வருடத்தில் பாதி வெள்ளையாகிவிடலாம்.

நிறம் வந்தது, கோழி போனது

எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். அமெரிக்காவின் லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி அமைப்பு பாரம்பரியக் கோழிக்குச் சொல்லும் வரையறையில், தானே இணைசேரும் திறன், திறந்தவெளியில் நீண்ட காலம் வாழ்ந்து முட்டையிடும் திடம், இறைச்சி எடைக்கு வர 16 வாரத்துக்குக் குறையாத மெதுவான வளர்ச்சி எல்லாம் உண்டு. நிறம் தென்பட்ட ஒரே காரணத்துக்காகக் கோணல் விரலையும் வளைந்த நெஞ்செலும்பையும் பொறுத்துக்கொண்டால் நாலு வருடத்தில் அந்த இனத்தின் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

லாவெண்டரில் இது கண்கூடு. லாவெண்டரோடு லாவெண்டரையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் பல வம்சங்களில் இறகு நைந்துபோகும். வால் இறகு ஓரம் பிய்ந்து, பழைய துடைப்பம் மாதிரி இருக்கும். சில தலைமுறைக்கு ஒருமுறை நல்ல இறகுள்ள கறுப்பைச் சேர்த்து, நைந்தவற்றைக் கழித்துக்கொண்டே வந்தால்தான் சரியாகும்.

ஒரே அழகன் சேவலை எல்லாப் பெட்டைகளுக்கும் விடுவதிலும் ஆபத்து உண்டு. ஒரு சேவலும் பத்துப் பெட்டையும் பார்க்கப் பதினொன்று. குஞ்சு அத்தனைக்கும் தகப்பன் ஒன்றே என்பதால், பரம்பரைக் கணக்கில் அதற்கு நாலு கோழியின் மதிப்புகூட இல்லை, 3.6தான். இன்னொரு சேவல் சேர்ந்தாலே 6.7 ஆகிவிடும். நெருங்கிய ரத்தம் கலந்து பொரிப்புத் திறன் விழுந்த பிறகு இதை யோசிப்பதில் பயனில்லை.

இன்னொரு இனத்திலிருந்து நிறத்தைக் கடன் வாங்கும்போது அந்த இனத்தின் கொண்டை, காது மடல், தோல் எல்லாம் கூடவே வரும். ஒடுங்கு பண்பு நிறத்துக்கு ஒவ்வொரு சுற்றும் இரண்டு தலைமுறை: உங்கள் சொந்த இனத்தோடு சேர்த்தால் நிறம் மறையும், அந்தக் குஞ்சுகளை ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்ததில் வெளிப்படும். சொந்த இனத்தின் ரத்தப் பங்கு 50, 75, 87.5 சதவீதம் என்று ஏற மூன்று சுற்று, அதாவது ஆறு தலைமுறை. முதல் சுற்றிலேயே புது ரகம் என்று பெயர் வைத்து விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான்.

நான் இரண்டாம் முறை தொடங்கியபோது பெட்டைகளின் அடிப்பாதம் வெள்ளை, அந்த இனத்துக்கு அதுதான் முறை. சேவலின் அடிப்பாதம் மஞ்சள். மஞ்சள் தோலும் ஒடுங்கு பண்புதான். அந்த ஜீன் வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதையான செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழி வழியாகத்தான் வீட்டுக்கோழிக்குள் புகுந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. என் முதல் தலைமுறை வழக்கம்போல் கறுப்பு, பாதம் வெள்ளை. இரண்டாம் தலைமுறையில் 14 குஞ்சு பொரித்தன, மூன்று சாம்பல். வளர்ந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காலைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றில் மிக அழகான நிறம் கொண்டதற்கு அடிப்பாதம் மஞ்சள். இரண்டு நாள் மனசே வரவில்லை. மூன்றாம் நாள் அதை முட்டைக் கோழிகளின் அடைப்புக்கு மாற்றிவிட்டேன்.