மண்ணில்லாத் தொட்டியில் இலை மஞ்சளடித்தால் எதை முதலில் பார்ப்பது

வயலில் பயிர் வெளுத்தால் யூரியா, அதற்கும் தெளியாவிட்டால் ஜிங்க் சல்பேட் என்பது டெல்டாவில் கைப்பழக்கம். மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டிக்கு அந்தப் பழக்கம் ஆகாது. யூரியாவை வேர் எடுக்கும் வடிவுக்கு மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் மண்ணில் ஏராளம். சத்துக் கரைசலில் அந்த அளவுக்குக் கிடையாது. இங்கே உரத்தைக் கையில் எடுக்கும் முன் செடியைப் படிக்க வேண்டும். கும்பகோணம் மொட்டை மாடியில் பாலக் வளர்த்தாலும், மன்னார்குடி பக்கம் நிழல்வலைக்குள் வெள்ளரி போட்டாலும் வழி ஒன்றுதான்.

முதல் கேள்வி, மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது? அடியிலையிலா, கொழுந்திலா? தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் ஆகியவை செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து உருவி இளம் இலைக்குக் கொடுத்துவிடும். அதனால் அடியிலைதான் முதலில் வெளுக்கும். இரும்பு, மாங்கனீசு, கால்சியம் போன்றவை ஒருமுறை போய்ச் சேர்ந்த இலையை விட்டு எளிதில் நகராது. அவை குறைந்தால் பாதிப்பு கொழுந்தில் தெரியும். விதையிலையும் அதற்கு மேலே உள்ள ஓரிரு இலையும் பழுத்து விழுவது வயதினால். அதற்கு வைத்தியம் வேண்டாம்.

அடுத்தது நரம்பு. இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அடியிலை நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளுத்திருந்தால் தழைச்சத்துக் குறைவு. அடியிலையில் நரம்பு பச்சையாக நின்று இடைவெளி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் சாம்பல்சத்து. கொழுந்தில் மெல்லிய பச்சை வலை வரைந்தது போல நரம்பு மட்டும் தெரிந்து, மீதியெல்லாம் எலுமிச்சை நிறமாகவோ வெள்ளையாகவோ இருந்தால் இரும்பு. கொழுந்து நரம்போடு சேர்ந்து வெளிறினால் கந்தகத்தைச் சந்தேகியுங்கள். இதற்கு நேர் எதிராக, நரம்பு மஞ்சளாகி இடைவெளி பச்சையாக இருந்தால் அது சத்துக்குறைவே அல்ல. வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமல் அப்படித்தான். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். உரத்தால் தீராது, செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே வழி. பொடிப்பொடியாக மஞ்சள் புள்ளிகள் இருந்தால் இலையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். ஊர்ந்து போகும் புள்ளிகள் தெரிந்தால் சிலந்திப்பேன் அல்லது இலைப்பேன்.

இலை சொன்னதை மீட்டரில் சரிபார்க்க வேண்டும். கரைசலின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரை, பிஎச் 4, 7 என்று நிலையாக நிற்கும் இரண்டு பஃபர் கரைசலிலும் திருத்திக்கொள்ளுங்கள். முனை காய்ந்துபோன மீட்டர் பொய் சொல்லும். கரைசலின் பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்கலாம். ஈசி என்பது கரைசலின் மின்கடத்துத் திறன், அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும். அது கீரை வகைகளுக்கு 1.2 முதல் 1.8 மில்லி சீமன்ஸ், வெள்ளரிக்கு 2 முதல் 2.5, காய்க்கும் தக்காளிக்கு 2.5 முதல் 3 வரை. கரைந்த உப்பைப் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும் டிடிஎஸ் மீட்டரைப் பார்ப்பவர்கள், அது ஈசியை 500-ஆல் பெருக்குகிறதா 700-ஆல் பெருக்குகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஈசி 1.6 என்பது ஒன்றில் 800, மற்றொன்றில் 1120.

டெல்டாவில் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஈசி சரியாக 1.6 காட்டும், இலையோ வெளுத்துக்கொண்டே போகும். உரம் போடுவதற்கு முன் வெறும் போர் தண்ணீரை அளந்து பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பக்கங்களில் தண்ணீரிலேயே உப்பு ஏறியிருக்கும். தண்ணீரின் ஈசியே 1.0 என்றால், 1.6-இல் உரத்தின் பங்கு வெறும் 0.6. செடி பட்டினி கிடக்கிறது, மீட்டர் வயிறு நிறைந்தது என்கிறது. அதற்காக உரத்தைக் கூட்டி 2.6-க்கு ஏற்றினால் கீரையின் இலை ஓரம் கருகும். மழைநீரையோ ஆர்ஓ தண்ணீரையோ பாதிக்குப் பாதி கலந்து, தண்ணீரின் ஈசியை 0.5-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு உரம் போடுவதே சரி. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் தொட்டியில் ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

இன்னொரு சிக்கல், தண்ணீரில் கரைந்திருந்து பிஎச்சை மறுபடி மேலே ஏற்றும் பைகார்பனேட். காலையில் பிஎச்சை 6-க்கு இறக்கியிருப்பீர்கள், மறுநாள் பார்த்தால் 7.4-இல் நிற்கும். இரும்பு தொட்டியில் இருந்தும் கொழுந்து வெளுப்பது இதனால். கடையில் அதிகம் கிடைக்கும் ஈடிடிஏ வகை இரும்பு, பிஎச் 6.5-ஐத் தாண்டினால் இரும்பைக் கரைசலில் பிடித்து வைத்திருக்கும் பிடியை விட்டுவிடும். ஈடிடிஎச்ஏ வகை 7-க்கு மேலேயும் தாங்கும். தமிழில் உச்சரிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே ஒலிப்பதால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவது உண்டு. பாக்கெட்டில் ‘எச்’ எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டாலே பீட்ரூட் சாறு போலச் சிவந்துவிடும், அதுதான் அடையாளம். 6 சதவீத இரும்பு உள்ள ஈடிடிஎச்ஏ, 100 லிட்டருக்கு 3 கிராம் போதும்.

பிஎச்சை இறக்க பாஸ்பாரிக் ஆசிட் பயன்படுத்தலாம். 1 லிட்டர் தண்ணீரில் 10 மில்லி ஆசிட்டை ஊற்றி நீர்க்கச் செய்து, அதைச் சிறிது சிறிதாகத் தொட்டியில் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். கையுறை கட்டாயம், ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் அல்ல. ஆனால் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் பைகார்பனேட் லிட்டருக்கு 4 மில்லி ஈக்குவலன்ட்டைத் தாண்டினால் ஆசிட்டை மட்டும் நம்பாதீர்கள். அவ்வளவு பாஸ்பாரிக் ஊற்றினால் மணிச்சத்து மிதமிஞ்சி, இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்குக் கிடைக்க விடாது. மஞ்சளைப் போக்கப் போய் மஞ்சளையே வளர்த்ததாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையை ஒரு சின்டெக்ஸில் பிடித்து வைத்துக் கலப்பது ஆசிட்டைவிட நல்ல மருந்து.

மீட்டர்கள் சரியாக இருந்தும் செடி முழுக்க மங்கலாக மஞ்சளடித்து, மதியம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்தால் வேரைப் பாருங்கள். வலைக்கிண்ணத்தோடு தூக்கி, ஒரு வேரை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வேர் வெண்மையாக, நறுக்கென்று இருக்கும். அழுகிய வேரில் பழுப்புத் தோல் வழவழவென்று விரலோடு கழன்று வந்து, உள்ளே நூல் போன்ற நடு இழை மட்டும் மிஞ்சும். சேற்று நாற்றமும் வரும். பித்தியம் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரின் வேலை இது. சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டி 35 டிகிரிக்குச் சூடாகிவிடும். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலே ஆக்சிஜனைத் தாங்கும். 35-இல் அது 7-க்கு இறங்கிவிடும், வேரின் மூச்சுத் தேவையோ கூடிவிடும். ஐஸ் பாட்டில் போடுபவர்கள் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 100 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் ஐஸ் சுமார் 2 டிகிரிதான் குறைக்கும். தொட்டியைக் கழுத்து வரை மண்ணில் புதைப்பது, மாடியானால் கீற்றுக்கொட்டகை நிழலில் வைத்து ஈரச்சாக்கு சுற்றுவது, ஏர் பம்ப்பை இரவும் பகலும் ஓட்டுவது ஆகியவை நிலையான வழிகள். அழுகல் பரவிவிட்டால் தொட்டி, பைப் எல்லாவற்றையும் காலி செய்து, பிளீச்சிங் கரைசலில் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பழைய கரைசலை வடிகட்டிச் சேமிக்க நினைக்காதீர்கள்.

தென்னை நார்க்கழிவில் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மலிவாகக் கிடைக்கும் நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால், அதிலுள்ள சோடியமும் சாம்பல்சத்தும் வெளியேறி, உரத்திலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். வழியும் தண்ணீரின் ஈசி 0.5-க்கு இறங்கும் வரை அலசி, லிட்டருக்கு 10 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, மறுபடி அலசிப் பயன்படுத்துங்கள்.

காரணம் தெரிந்த பின் அளவு. தழைச்சத்துக்கு 100 லிட்டருக்கு 30 கிராம் கால்சியம் நைட்ரேட். மக்னீசியத்துக்கு 25 கிராம் எப்சம் உப்பு. இரண்டையும் கெட்டியாக ஒரே வாளியில் கரைத்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். தனித்தனியாகக் கரைத்து, ஒன்று தொட்டியில் நன்றாகக் கலந்த பிறகு மற்றதை ஊற்றுங்கள். இரும்பா மாங்கனீசா என்று குழப்பமிருந்தால், லிட்டருக்கு 1 கிராம் ஈடிடிஏ இரும்பைக் கரைத்து, வெளுத்த கொழுந்து ஒன்றில் மட்டும் சாயங்காலம் பஞ்சால் தடவி, காம்பில் நூல் கட்டி வையுங்கள். நாலைந்து நாளில் அந்த இலை மட்டும் பச்சை பிடித்தால் இரும்புதான்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒரு வாரம் பொறுங்கள். முற்றிலும் மஞ்சளான அடியிலை திரும்பப் பச்சையாகாது; அதைப் பார்த்து மறுபடி உரம் போட வேண்டாம், கிள்ளி எறிந்துவிட்டு அடுத்து விரியும் இலையைக் கவனியுங்கள்.