எலியின் காலில் நரம்பு வேகம் அளப்பது எப்படி? (முதலில் காலைத் தொட்டுப் பாருங்கள்)

சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் சியாட்டிக் நரம்பில் (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு) துடிப்பு ஓடும் வேகம் செகண்டுக்கு 39 மீட்டர், சாதாரண எலிகளில் 50. இந்த எண்கள் முதன்முதலில் கைக்கு வந்த அன்று ஆய்வேட்டில் பாதி முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். என் வழிகாட்டி வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கால் எவ்வளவு சூடா இருந்துச்சு?"

நான் அளக்கவே இல்லை. சில நாள் கழித்து அதே எலிகளை மறுபடி மயக்கி, காலைச் சூடாக வைத்து அளந்தேன். அந்த 11 மீட்டர் வித்தியாசத்தில் பாதி காணாமல் போயிற்று. அதனால் இந்தப் பதிவில் மற்றதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டு அந்த ஒரு படியில் மட்டும் கொஞ்சம் உட்காரப்போகிறேன்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் மயக்கம் கொடுக்கும் பயிற்சியும் உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். இதில் கீறல், தையல் எதுவும் கிடையாது. தோல் வழியாக மெல்லிய ஊசிகள் மட்டும்தான். அதனால் அதே எலியை நாலு வாரம் கழித்து மறுபடியும் அளக்கலாம்.

படி 1: மயக்கம்

ஐசோஃப்ளூரேன், மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க மருந்து. மயக்க 3 முதல் 4 சதவீதம், அப்புறம் 1.5 முதல் 2 சதவீதத்திலேயே வைத்திருங்கள். கெட்டமைன்-சைலசின் ஊசியிலும் செய்யலாம், ஆனால் எனக்குப் பிடிக்காது. ஆழத்தை நடுவில் மாற்ற முடியாது, எலி எழுந்திருக்கவும் நேரமாகும். கால்விரலைக் கிள்ளினால் இழுக்கக் கூடாது. கண்ணுக்குக் களிம்பு. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை டிரிம்மரால் முடியை எடுத்துவிடுங்கள்.

படி 2: ஊசிகள்

பதிவு செய்யும் ஊசி பாதத்தின் அடியில் உள்ள சின்னத் தசைக்குள். அதன் ஜோடி கால்விரல் தோலுக்கு அடியில். எர்த் ஊசி, தூண்டும் இடத்துக்கும் பதியும் இடத்துக்கும் நடுவில், குதிகால் தோலில். எர்த்தைத் தள்ளி எங்கேயோ குத்தினால் தூண்டலின் மின்துடிப்பே திரையை நிரப்பிவிடும், தசையின் அலை (தூண்டலுக்குத் தசை காட்டும் மின் பதில்) அதற்குள் புதைந்துபோகும்.

தூண்ட வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால். இன்னொன்று, இடுப்பில் தொடை எலும்பின் மேட்டுக்குப் பின்னால் விரல் வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படுமே, அங்கே. இரண்டு இடத்திலும் ஒரு ஜோடி ஊசி. அதில் கேத்தோடு (எதிர்மின் ஊசி) பாதத்தின் பக்கம் இருக்கட்டும். மாற்றிக் குத்தினால் ஆனோடு (நேர்மின் ஊசி) வழியிலேயே துடிப்பைத் தடுத்துவிடலாம்.

படி 3: சூடு

நான் விழுந்த குழி இதுதான்.

குளிர்ந்தால் நரம்பில் சோடியம் கால்வாய்கள் மெதுவாகத் திறக்கும். ஒரு டிகிரி குறைந்தால் வேகம் ஏறத்தாழ 1.5 முதல் 2 மீட்டர் குறையும். 5 டிகிரி குறைந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இது புதுச் செய்தியும் இல்லை. 1850-ல் தவளை நரம்பில் முதன்முதலாக இந்த வேகத்தை அளந்த ஹெல்ம்ஹோல்ட்ஸே குளிரில் வேகம் குறைவதைக் கவனித்துவிட்டார். நான்தான் கவனிக்கவில்லை.

"எங்க லேபில் ஹீட்டிங் பேட் இருக்கே" என்பீர்கள். எனக்கும் இருந்தது. ஆசனவாயில் வைத்த வெப்பமானி 37 என்றே காட்டிக்கொண்டிருந்தது. பேட் உடம்பைத்தான் சூடாக்குகிறது. முடி எடுத்த கால் பேடைத் தாண்டி, ஏசி காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது. தொடையின் தோலுக்கு அடியில் மெல்லிய தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும்) கம்பியைச் செருகிப் பார்த்தேன். 32!

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. சர்க்கரை நோய் எலி மெலிந்திருக்கும். சதையும் கொழுப்பும் குறைவு, சீக்கிரம் ஆறிவிடும். அதாவது நோய்க் குழு மட்டும் அதிகமாகக் குளிரும். நீங்கள் அளப்பது நரம்பின் கோளாறா, எலியின் மெலிவா என்று பிரிக்கவே முடியாது. எல்லா எலிக்கும் ஒரே அளவு பிழை வந்தால்கூடப் பரவாயில்லை, இது ஒரு பக்கமாகவே சாய்கிறது.

இப்போது நான் செய்வது: கம்பியை நரம்புக்குப் பக்கத்தில் செருகி, 36-க்கும் 37-க்கும் நடுவில் நிலையாக நிற்கும்வரை தூண்டலே கொடுப்பதில்லை. பத்து நிமிடமாவது ஆகும். காலையும் சேர்த்துப் படுக்கவைக்கும் அளவுக்குப் பெரிய பேட் வாங்குங்கள். முடிந்தால் வெந்நீர் சுற்றும் பேட். மின்சார பேட் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கொண்டுவரும். விளக்கு வைத்துச் சூடாக்குவது எனக்கு ஆகாது. இரைச்சலும் உண்டு, தோல் பொசுங்கும் பயமும் உண்டு.

படி 4: தூண்டல்

0.1 மில்லிசெகண்ட் சதுரத் துடிப்பு, செகண்டுக்கு ஒன்று. மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அலையின் உயரம் இதற்கு மேல் வளரவில்லை என்ற இடத்திலிருந்து இன்னும் 20 சதவீதம் மட்டும் கூட்டுங்கள். பயத்தில் இரண்டு மடங்கு ஏற்றிவிட்டால் மின்னோட்டம் பரவி, கேத்தோடுக்குக் கீழே தள்ளியே நரம்பைத் தூண்டிவிடும். நீங்கள் அளக்கும் தூரம் அப்போது பொய்யாகிவிடும்.

முதல் அலை தசையுடையது. சற்றுத் தள்ளி ஒரு சின்ன அலை வந்தால் அது தண்டுவடம் போய்த் திரும்பியது. இந்தக் கணக்குக்கு அது வேண்டாம்.

படி 5: கணக்கு

இடுப்பில் தூண்டியபோது அலை கிளம்ப 2.1 மில்லிசெகண்ட், கணுக்காலில் தூண்டியபோது 1.3. வித்தியாசம் 0.8. இரண்டு கேத்தோடுகளுக்கும் இடையே 40 மில்லிமீட்டர். 40-ஐ 0.8-ஆல் வகுத்தால் 50. மில்லிமீட்டரை மில்லிசெகண்டால் வகுத்தால் நேராகச் செகண்டுக்கு இத்தனை மீட்டர் என்றே வரும், அலகு மாற்ற வேண்டாம்.

0.8-க்குப் பதில் 0.9 என்று படித்தால் 50 என்பது 44 ஆகிவிடும். பதிவு வேகத்தை 10 கிலோஹெர்ட்ஸில் வைத்திருந்தால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் இருப்பதே 0.1 மில்லிசெகண்ட்தான்! குறைந்தது 40 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வெட்டும் நாட்ச் ஃபில்டரைத் தொடாதீர்கள், அது அலையின் வடிவத்தையே கெடுக்கும். இரைச்சல் வந்தால் பக்கத்தில் எந்த பிளக் செருகியிருக்கிறது என்று தேடுங்கள்.

தூரத்துக்கு டிஜிட்டல் காலிப்பர். நூல் வைத்து அளக்கும் சீனியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நூல் ஒவ்வொரு எலிக்கும் ஒவ்வொரு விதமாக நீளும். காலை நேராக நீட்டி டேப் ஒட்டிவிடுங்கள், அளந்து முடிக்கும்வரை மடக்க வேண்டாம்.

பின்னர் சேர்த்தது

சுண்டெலியில் இதே முறை வருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வரும், ஆனால் தூரம் ஏறக்குறைய பாதிதான். அதனால் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் பிழை இரட்டிப்பாகும்.

வாலில் அளப்பது சுலபமாயிற்றே என்று இன்னொருவர். ஊசி குத்தச் சுலபம்தான். ஆனால் எலி தன் உடல் சூட்டை வெளியே விடும் முக்கிய வழிகளில் ஒன்று வால். காலுக்கே இவ்வளவு பாடு என்றால் வாலுக்கு யோசித்துப் பாருங்கள்.

பழைய பதிவுகளில் வெப்பத்தைக் குறிக்க மறந்துவிட்டேன், என்ன செய்ய என்று கேட்டவருக்கு: அலையின் வடிவத்தைப் பாருங்கள். வேகம் குறைந்து, அலை மட்டும் வழக்கத்தைவிட உயரமாகவும் அகலமாகவும் இருந்தால் பெரும்பாலும் அது குளிர்ந்த கால். அந்த எலிகளை மறுபடி அளந்துவிடுங்கள்.