அம்மா சீரியலும் டிக் டிக் டிஸ்க்கும்

கோரிமேட்டு வீட்டில் அம்மாவுக்கு ஒன்பது மணி சீரியல் தவறக்கூடாது. எனக்கோ கிரிக்கெட். ரெக்கார்டிங் வசதியுள்ள செட்டாப் பாக்ஸ் வாங்கி, கையிலிருந்த பழைய பென் டிரைவைச் செருகினேன். படம் விக்கி விக்கி ஓடியது. எழுதும் வேகம் போதவில்லை.

பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்டினேன். 'டிக்... டிக்...' சத்தம், விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. பாக்ஸின் யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான். டிஸ்க் சுழல ஆரம்பிக்கவே அதற்கு மேல் இழுக்கும். அஞ்சு ரோட்டுப் பக்கம் தனி அடாப்டர் வைத்த டிஸ்க் பெட்டி வாங்கினேன், சத்தம் நின்றது.

கடைக்காரர் சொல்லாத விஷயம்: இந்த பாக்ஸில் ஒரே டியூனர், அதாவது சேனலைப் பிடிக்கும் பகுதி ஒன்றுதான். சீரியல் பதிவாகும்போது வேறு சேனல் மாற்ற முடியாது! டிஸ்க்கை லேப்டாப்பில் போட்டாலும் ஓடாது, அந்த பாக்ஸில் மட்டும் ஓடும்படி பூட்டிய பதிவு. வாங்கும்போது முதலில் டியூனர் எத்தனை என்று கேளுங்கள். நான் இப்போது போனில்தான் ஸ்கோர் பார்க்கிறேன்.